மன்த்லி ரிவ்யூ: தேக்கநிலையை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயும் இதழ்

உலகப் பொருளாதாரம், நாடுகளின் வளர்ச்சி, பன்னாட்டு அரசியல் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்கும் இடதுசாரிச் சிந்தனையை முழக்கங்களாக அன்றி வாதங்களாக அறிய விரும்புகிறவருக்கு, நியூயார்க்கிலிருந்து 1949 மே மாதம் முதல் வெளிவரும் ‘மன்த்லி ரிவ்யூ’வை விடப் பொருத்தமான பருவ இதழ் எதையும் என்னால் சுட்ட இயலவில்லை. பொருளாதாரத்தில் இந்த இதழ் காட்டும் கண்டிப்பு, அண்மை ஆண்டுகளில் பன்னாட்டு அரசியலை எழுதும்போது தளர்ந்திருக்கிறது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதே இதழுக்குச் செய்யும் நியாயம் என்று கருதுகிறேன்.

இதழின் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுக்குப் பதினோரு இதழ்கள் வருகின்றன. ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து ஒரே இதழாக, பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றிய சிறப்பிதழாக வெளிவரும். அளவு கைக்கடக்கமானது, அட்டை பெரும்பாலும் எழுத்துகளால் மட்டுமே ஆனது. ஆசிரியர் குழுவின் குறிப்புகள் முன் அட்டையின் உட்பக்கத்திலேயே தொடங்கிவிடும். அதற்கடுத்து வரும் நீண்ட தலைமைக் கட்டுரைதான் இதழின் உயிர்நாடி. வேறு எதையும் வாசிக்க நேரமில்லாதவர் அந்த ஒன்றை மட்டும் மாதந்தோறும் வாசித்தாலே சந்தா வீண்போகாது.

தன்னை ‘சுதந்திரமான சோசலிச இதழ்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் இந்த ஏடு, எந்தக் கட்சியையும் சாராமல், பொருளியலாளர் பால் சுவீசியாலும் இதழாளர் லியோ ஹூபர்மனாலும் தொடங்கப்பட்டது. ஹார்வர்டில் இலக்கியம் கற்பித்த எஃப். ஓ. மத்தீசன் ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அளிக்க முன்வந்த தொகையே அதன் தொடக்க மூலதனம். முதல் இதழுக்கு இருந்த சந்தாதாரர்கள் 450 பேர் மட்டுமே. அந்த முதல் இதழில் இயற்பியலாளர் ஐன்ஸ்டீன் சோசலிசத்தை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். தனியார் மூலதனம் சிலர் கைகளில் குவிகிறது என்றும், அந்தக் குவியலின் அதிகாரத்தை மக்களாட்சி முறையில் அமைந்த அரசியல் அமைப்பால்கூடக் கட்டுப்படுத்த முடிவதில்லை என்றும் அதில் அவர் வாதிட்டார். அத்துடன் நிற்காமல், திட்டமிட்ட பொருளாதாரம் என்பதே சோசலிசம் ஆகிவிடாது, அதிகாரவர்க்கம் எல்லாம் வல்லதாக மாறாமல் தடுப்பது எப்படி, தனிமனிதரின் உரிமையைக் காப்பது எப்படி என்ற கேள்விகளையும் அங்கேயே எழுப்பினார். இந்தக் கேள்விகளைப் பின்னர் அரசியல் பக்கங்களைப் பற்றிப் பேசும்போது மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கம்யூனிச எதிர்ப்பு அலை அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இதழை நடத்தியதற்கான விலையை நிறுவனர்கள் இருவரும் கொடுத்தார்கள். 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழு ஹூபர்மனை விசாரணைக்கு அழைத்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் தாம் ஆற்றிய உரையின் உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்த சுவீசி மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு பாய்ந்தது. 1957இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கல்விச் சுதந்திரம் பற்றிய வழக்குகளில் அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இனி இதழின் பொருளாதாரப் பக்கங்களுக்கு வருவோம். அவற்றின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு நீண்ட வாதம். முதலாளித்துவம் முதிர்ச்சி அடையும்போது ஒவ்வொரு துறையும் சில மாபெரும் நிறுவனங்களின் பிடிக்குள் வந்துவிடுகிறது. அவை விலையைக் குறைத்து ஒன்றோடொன்று போட்டியிடுவதைத் தவிர்க்கின்றன. உற்பத்தித்திறன் உயர்வதால் செலவு குறைகிறது, ஆனால் விலை குறைவதில்லை. எனவே அவற்றின் கையில் சேரும் உபரி வளர்ந்துகொண்டே போகிறது. அந்த உபரியை லாபகரமாக முதலீடு செய்வதற்கான இடமோ சுருங்குகிறது, ஏனெனில் அந்த முதலீடு உற்பத்தி செய்யும் பொருளை வாங்க வேண்டிய உழைக்கும் மக்களின் கூலி அதே வேகத்தில் உயர்வதில்லை. ஆகவே வேகமான வளர்ச்சி அல்ல, தேக்கநிலையே இந்த அமைப்பின் இயல்பான போக்கு. வளர்ச்சிக் காலங்களுக்குத்தான் தனி விளக்கம் தேவை. பொருளியலாளர் பால் பாரனும் சுவீசியும் எழுதி 1966இல் வெளிவந்த நூலில் முழு வடிவம் பெற்ற இந்தக் கருத்து, இராணுவச் செலவும் விளம்பரத் துறையின் வீக்கமும் போர்க்காலங்களில் மட்டும் தோன்றும் பிறழ்வுகள் அல்ல, உபரியை உறிஞ்சும் வழிகள் என்று காட்டியது.

போருக்குப் பிந்தைய செழிப்பு நிரந்தரமானது என்று பல்கலைக்கழகப் பொருளியல் துறைகள் பெரும்பாலும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது சொல்லப்பட்டது. அமெரிக்காவின் உண்மை உற்பத்தி வளர்ச்சி 1960களில் ஆண்டுக்குச் சராசரியாக 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அடுத்த மூன்று பத்தாண்டுகளிலும் 3 விழுக்காட்டை ஒட்டி நின்றது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வரலாறு அந்த வாதத்தின் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல இந்த எண்களே போதுமானவை.

இருப்பினும், இதழின் மிகப் பெரிய பங்களிப்பாக நான் கருதுவது இதற்கு அடுத்த படி. ஹூபர்மன் 1968இல் மறைந்தபின் ஆசிரியப் பொறுப்பில் இணைந்த ஹாரி மக்டாஃப், ரூஸ்வெல்ட் ஆட்சிக் காலத்தில் அரசின் புள்ளிவிவரப் பணிகளில் பயின்றவர். எண்களைக் கொண்டு வாதிடுவதில் தேர்ந்தவர். அவரும் சுவீசியும் 1970களிலிருந்தே ஒரு மாற்றத்தை மாதாமாதம் பதிவு செய்தார்கள். தொழிலில் முதலீடு செய்ய இடம் காணாத பணம், கடன், பங்கு, ஊகவணிகம் ஆகியவற்றுக்குள் பாய்கிறது என்றும், நிதித்துறையின் வீக்கம் தேக்கநிலைக்குக் காரணமல்ல, அதன் விளைவும் தற்காலிக மருந்துமே என்றும் அவர்கள் விளக்கினார்கள். வங்கிகளின் பேராசையை மட்டும் குறைகூறி, உற்பத்தித் துறையை நல்ல முதலாளித்துவம் என்றும் நிதித்துறையைக் கெட்ட முதலாளித்துவம் என்றும் பிரித்துக் காட்டும் பார்வையை இந்த விளக்கம் உடைக்கிறது. இரண்டும் ஒரே அமைப்பின் இரு செயல்பாடுகள் என்றால், வங்கிகளுக்குக் கடிவாளம் இடுவதால் மட்டும் வேலைவாய்ப்பும் கூலியும் உயர்ந்துவிடப் போவதில்லை.

இந்த மரபைத் தொடர்ந்து, இப்போதைய ஆசிரியர் ஜான் பெல்லமி ஃபாஸ்டர் 2006 மே இதழிலேயே அமெரிக்கக் குடும்பங்களின் கடன் குமிழியைப் பற்றி விரிவாக எழுதினார். தேங்கிய கூலியை வைத்துக்கொண்டு மக்கள் எப்படித் தொடர்ந்து செலவிடுகிறார்கள் என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்கி, வீட்டுக் கடன் என்ற விடைக்கு வந்து, வட்டி உயர்ந்தாலோ வீட்டு விலை சரிந்தாலோ என்ன நேரும் என்பது வரை அந்தக் கட்டுரை சென்றது. 2008இல் நேர்ந்தது அதுதான். நெருக்கடி வெடித்த பிறகு விளக்கம் சொன்னவர்கள் பலர். முன்கூட்டியே காரணத்தைச் சரியாகச் சொன்னவர்கள் சிலரே என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு குறையும் உண்டு. மார்க்சியப் பொருளியலுக்குள்ளேயே நெருக்கடிக்குக் காரணம் லாப விகிதத்தின் வீழ்ச்சி என்போர் இருக்கிறார்கள். ஏகபோகம் அல்ல, பன்னாட்டு அளவிலான மிகைப்போட்டியே காரணம் என்போரும் இருக்கிறார்கள். இவர்களுடன் நேருக்கு நேர் நடக்கும் விவாதத்திற்கு இதழ் போதிய இடம் தருவதில்லை. தன் மரபின் உறுதியை வாசகருக்கு உணர்த்த அத்தகைய விவாதத்தைவிடச் சிறந்த வழி இல்லை.

நாடுகளின் வளர்ச்சியைப் பற்றிய பக்கங்கள், காலனி ஆட்சியைக் கண்ட நாடுகளின் வாசகருக்கு இன்னும் நெருக்கமானவை. பொருளியலாளர் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் 1966 செப்டம்பர் இதழில் எழுதிய கட்டுரை, பின்தங்கிய நிலை என்பது எல்லா நாடுகளும் கடந்துவரும் தொடக்கப் படி அல்ல, மையத்தில் உள்ள செல்வ நாடுகளின் வளர்ச்சி, விளிம்பில் உள்ள ஏழை நாடுகளில் உண்டாக்கிய விளைவு என்று வாதிட்டது. உலகப் போர்களும் 1930களின் பெருமந்தமும் மையத்துடனான பிணைப்பைத் தளர்த்திய காலங்களில்தான் லத்தீன் அமெரிக்க நாடுகள் தொழில்வளர்ச்சி கண்டன என்பது அவர் காட்டிய சான்று. எகிப்தியப் பொருளியலாளர் சமீர் அமீன் இந்தச் சிந்தனையை மேலும் எடுத்துச் சென்று, உலகச் சந்தையின் தேவைக்கு ஏற்ப அல்லாமல் சொந்த மக்களின் தேவைக்கு ஏற்ப ஒரு நாடு தன் பொருளாதாரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும் என்றார். தொழிற்சாலைகள் தெற்குக்கு, அதாவது ஏழை நாடுகளுக்கு, இடம்பெயர்ந்துவிட்டன, ஆகவே பழைய ஏகாதிபத்தியம் முடிந்துவிட்டது என்ற வாதத்துக்கு இதழ் கடந்த பத்தாண்டுகளில் அளித்த பதிலும் வலுவானது: உற்பத்தி இடம்பெயர்ந்தாலும், கூலி வேறுபாட்டால் கிடைக்கும் பெரும்பங்கு, வடிவமைப்பையும் காப்புரிமையையும் சந்தையையும் கையில் வைத்திருக்கும் வடக்கின், அதாவது செல்வ நாடுகளின், நிறுவனங்களுக்கே போகிறது.

ஆனால் தென்கொரியாவும் தைவானும் உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்தே முன்னேறின என்ற உண்மை, ஃபிராங்கின் வாதத்தை அப்படியே ஏற்க விடுவதில்லை. நிலச் சீர்திருத்தம், அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கடன், பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா அளித்த தனிச்சலுகை ஆகியவை அந்த முன்னேற்றத்தில் வகித்த பங்கைச் சொல்லி இதற்கு விடை தர முடியும். அந்த விடை இதழின் பழைய பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. புதிய வாசகர் தேடித்தான் எடுக்க வேண்டும்.

வளர்ச்சியே இலக்காக இருக்க வேண்டுமா என்ற கேள்வியையும் இதழ் எழுப்புகிறது. ஃபாஸ்டரின் தலைமையில் சூழலியல் அதன் நிலையான பொருளாகிவிட்டது. 2023 ஜூலை-ஆகஸ்ட் சிறப்பிதழ், செல்வ நாடுகள் திட்டமிட்டுத் தங்கள் நுகர்வைக் குறைக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. ஏழை நாடுகளுக்கு இது பொருந்தாது, அவை வளர இடம் வேண்டும் என்பதற்காகவே செல்வ நாடுகள் குறைக்க வேண்டும் என்ற தெளிவு அந்த வாதத்தில் இருந்ததை நான் வரவேற்கிறேன்.

இனி அரசியல். அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை ஆய்வதில் இதழுக்கு உள்ள திறன் குறையவில்லை. இராணுவத் தளங்கள், பொருளாதாரத் தடைகள், டாலரின் ஆதிக்கம் ஆகியவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் பார்க்காமல் ஒரே அமைப்பின் உறுப்புகளாகக் காட்டுவதில் அது இன்றும் முன்னணியில் நிற்கிறது. வாஷிங்டனுடன் முரண்படும் அரசுகளைப் பற்றி எழுதும்போதுதான் அந்த ஆய்வுக்கண் மங்குகிறது. சீனாவையே எடுத்துக்கொள்வோம். 2004 ஜூலை-ஆகஸ்ட் இதழ் முழுவதையும் சீனாவுக்கு ஒதுக்கி, சந்தைச் சீர்திருத்தங்கள் அந்த நாட்டை முதலாளித்துவப் பாதையில் கொண்டுசென்றுவிட்டன என்ற கடுமையான ஆய்வை இதே ஏடு வெளியிட்டது. 2021 ஜூலை-ஆகஸ்ட் இதழுக்கு வரும்போது, சீனாவுக்கு எதிரான புதிய பனிப்போர் பேசுபொருளாகியிருந்தது. பனிப்போரை எதிர்ப்பது சரியே. அதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சுயேச்சையான தொழிற்சங்கத்துக்கு இடமில்லாத ஒரு நாட்டில் தொழிலாளியின் நிலை என்ன என்று 2004இல் கேட்கப்பட்ட கேள்விகள் விடையளிக்கப்பட்டதால் பின்தள்ளப்படவில்லை. கேட்பதற்கு ஏற்ற காலம் இதுவல்ல என்ற எண்ணமே அவற்றைப் பின்தள்ளியதாகத் தோன்றுகிறது.

அதிகாரவர்க்கத்தைப் பற்றி ஐன்ஸ்டீன் எழுப்பிய கேள்விகளுக்கு இதழின் நிறுவனர்கள் முகம் கொடுத்தார்கள். புரட்சிக்கு அடுத்த ஆண்டே கியூபாவுக்கு நேரில் சென்று ஆதரித்து எழுதிய அதே சுவீசி, 1980 வாக்கில், சோவியத் ஒன்றியம் முதலாளித்துவமும் அல்ல, சோசலிசமும் அல்ல, புதிய ஆளும் வர்க்கத்தைக் கொண்ட ஒரு சமூகம் என்ற முடிவுக்கு வந்து அதை வெளிப்படையாக எழுதினார். கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ரீகன் அமெரிக்காவில் ஆட்சிக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. எதிரிக்கு உதவும் என்று அஞ்சி அவர் மௌனம் காக்கவில்லை. இன்றைய ஆசிரியர் குழுவிடம் நான் எதிர்பார்ப்பது அந்தத் துணிவைத்தான்.

மொழிநடையைப் பொறுத்தவரை, சுவீசியும் ஹூபர்மனும் கடைப்பிடித்த தெளிவான ஆங்கிலம் எல்லாக் கட்டுரைகளிலும் இன்று இல்லை. கோட்பாட்டு வரலாற்றைப் பற்றிய சில கட்டுரைகள், மார்க்சிய நூல்களில் நல்ல பயிற்சி உள்ளவருக்கே பிடிபடும். பொருளாதாரத்துக்குப் புதியவர் நடப்பு இதழிலிருந்து தொடங்குவதைவிட, மக்டாஃபும் சுவீசியும் 1970களிலும் 1980களிலும் எழுதிய தலைமைக் கட்டுரைகளிலிருந்து தொடங்குவது நல்லது. ஓர் அட்டவணை, அதிலிருந்து ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை என்று அவை நகரும்.

அண்மை ஆண்டுகளின் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை இதழின் இணையதளத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். பழைய இதழ்களின் பெட்டகமும் அங்கே உண்டு. ‘எம்ஆர் ஆன்லைன்’ என்ற துணைத்தளம் நாள்தோறும் பிற இடங்களிலிருந்து கட்டுரைகளை எடுத்து வெளியிடுகிறது. மேலே சொன்ன அரசியல் தளர்ச்சி அங்கே மேலும் கூடுதலாகத் தென்படுவதால், அதை இதழுக்குச் சமமாக வைத்து வாசிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கரக்பூரிலிருந்து ‘அனலிடிகல் மன்த்லி ரிவ்யூ’ என்ற பெயரில் ஒரு பதிப்பும் வெளிவந்திருக்கிறது. நூலகங்களும் வாசிப்பு வட்டங்களும் தொழிற்சங்கங்களும் அச்சு இதழுக்குச் சந்தா செலுத்துவது நல்லது. விளம்பர வருவாயை நம்பாத ஏட்டைத் தாங்கி நிற்பது சந்தாவும் நன்கொடையும்தான். ஒவ்வொரு இதழின் தலைமைக் கட்டுரையும் ஒரு மாலை நேரம் முழுவதும் கூட்டாக விவாதிக்கத்தக்க பொருளைக் கொண்டிருக்கிறது.