மோவாப், ஸ்பிரிங்டேல், பிஷப்: மூட்டையை எங்கே இறக்குவது?

அமெரிக்க மேற்கில் மலை, பாறை, ஆறு என்று ஒரு வாரம் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் பூங்காவை முடிவு செய்கிறார்கள். தங்கும் ஊர் கடைசியில், ஹோட்டல் வாடகையைப் பார்த்து முடிவாகிறது. எங்களைக் கேட்டால் இது தலைகீழ். பெர்மிட் கிடைக்காத நாளும் வரும், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளும் வரும், ஆற்றில் தண்ணீர் ஏறிய நாளும் வரும். அன்று காலை எட்டு மணிக்கு அந்த ஊரிலிருந்து வேறெங்கே போக முடியும் என்பதுதான் ஊரை எடைபோடும் கேள்வி.

அப்படி எடைபோட மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம். யூட்டாவில் மோவாப், அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சயான் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல், கலிஃபோர்னியாவின் கிழக்குச் சியராவில் பிஷப். (மோவாபும் சயானும் பைபிள் பெயர்கள், தமிழ் பைபிளின் சீயோன்தான் சயான். பிஷப் மட்டும் ஆயரல்ல, சாமுவேல் பிஷப் என்ற மாட்டுப் பண்ணைக்காரர்.)

போய்ச் சேர்வது

ஸ்பிரிங்டேல்தான் எளிது. லாஸ் வேகஸிலிருந்து சுமார் 160 மைல், மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நெவாடாவை விட யூட்டா கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மதியம் இரண்டுக்குக் கிளம்பினால் அங்கே மணி ஆறாகியிருக்கும். மோவாபுக்கு சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம், கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள். பிஷப்புக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் 265 மைல் போல வரும். அரை நாள் போய்விடும்.

கார் தேவையா?

ஸ்பிரிங்டேலில் காரை ஹோட்டலில் விட்டுவிடலாம், விடுவதுதான் புத்திசாலித்தனம். மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலான நாட்களில் சயான் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் வண்டிக்கு அனுமதியில்லை. ஊருக்குள் ஒரு ஷட்டில், பூங்காவுக்குள் இன்னொன்று, இரண்டும் இலவசம், முன்பதிவும் வேண்டாம். கடைசி ஷட்டில் நேரத்தைக் காலையிலேயே போன் கேமராவில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், மேல் முனையிலிருந்து வாசல்வரை ஒன்பது மைல் வரை இருட்டில் நடக்க வேண்டியிருக்கும்.

மோவாபில் கார் இல்லாமல் கதை நடக்காது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல் ஊரிலிருந்து ஐந்தே மைல், ஆனால் உள்ளே பஸ் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. கேன்யன்லேண்ட்ஸின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ பகுதி சுமார் 40 நிமிடம். அதே பூங்காவின் ‘நீடில்ஸ்’ பகுதிக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் நடுவே குறுக்குவழி கிடையாது, ஆறு மறிக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கத் திட்டம் போடுகிறவர்கள் பாதி நாளைச் சாலையில் தொலைக்கிறார்கள்.

மோவாபின் பெரிய பொறி ‘எஸ்யூவி’ என்ற சொல். ஷேஃபர் டிரெயில், 100 மைல் ஒயிட் ரிம் சாலை மாதிரி மண்சாலைகளைப் படத்தில் பார்த்துவிட்டு வாடகை எஸ்யூவியை இறக்கிவிடுகிறார்கள். ஒயிட் ரிம்முக்கு வேண்டியது உயர்ந்த அடிப்பாகமும், ‘லோ ரேஞ்ச்’ கியர் உள்ள உண்மையான நான்கு சக்கர இயக்கமும். வாடகைக்கு வரும் பெரும்பாலான எஸ்யூவிகளில் இருப்பது ஆல் வீல் டிரைவ். லோ ரேஞ்ச் இராது. செங்குத்து இறக்கத்தில் லோ ரேஞ்ச் இல்லாத வண்டியை பிரேக்கால் மட்டுமே பிடிக்க வேண்டும், பிரேக் சூடேறிப் பிடி தளரும். வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் மண்சாலையைத் தடை செய்திருக்கும், காப்பீடு அங்கே செல்லாது. பள்ளத்தாக்கிலிருந்து இழுவை வண்டியில் ஏற்றி வரும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். ஆசை இருந்தால் ஊரிலேயே ஜீப்பை நாள் வாடகைக்கு எடுங்கள். ஒயிட் ரிம்முக்குப் பகல் பயணமானாலும் பெர்மிட் வேண்டும்.

பிஷப்பில் சாதாரண கார் போதும். ஏரிகள்வரை தார்ச்சாலை. பட்டர்மில்க் பாறைகளுக்குப் போகும் மண்சாலை மட்டும் அலை அலையாக மேடுபள்ளம், மெதுவாகப் போனால் சமாளிக்கலாம்.

திட்டம் கெட்டால்

சயானுக்கு வருகிறவர்களின் ஆசை பெரும்பாலும் இரண்டே: ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சி, நேரோஸ் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு. இரண்டும் உங்கள் கையில் இல்லை.

ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில் சங்கிலியைப் பிடித்து ஏறும் கடைசி அரை மைலுக்கு 2022 ஏப்ரல் முதல் பெர்மிட் கட்டாயம். பருவத்துக்கு ஒரு குலுக்கல், முந்தைய நாளுக்கு ஒரு குலுக்கல். விண்ணப்பத்துக்கு 6 டாலர், விழாவிட்டாலும் திரும்பாது. விழுந்தால் தலைக்கு 3 டாலர். முந்தைய நாள் குலுக்கல் மாலை 3 மணிக்கு மூடி 4 மணிக்கு முடிவு வரும். விழாவிட்டால் சங்கிலி தொடங்கும் முன் வரும் ஸ்கௌட் லுக்அவுட் வரை தாராளமாகப் போகலாம். வழியில் 21 வளைவுகள் கொண்ட ‘வால்ட்டர்ஸ் விக்கிள்ஸ்’ ஏற்றமும் சேர்ந்தே வருகிறது. எங்கள் கணக்கில் அனுபவத்தில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

நேரோஸ் என்பது ஆற்றுக்குள்ளேயே நடப்பது. கீழிருந்து மேலே நடந்து திரும்ப பெர்மிட் வேண்டாம், ஆனால் நீர்வரத்து வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் ஆயிரக்கணக்கில் கன அடி கேட்டுப் பழகிய காதுக்கு 150 என்பது வாய்க்கால் தண்ணீர். ஆனால் இங்கே இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவே 20, 30 அடி அகலம்தான் இருக்கும் இடங்கள் உண்டு. ஒதுங்கக் கரையில்லை, காலடியில் உருண்டைக் கற்கள். 70 கன அடிக்குக் கீழே முழங்கால் அளவோடு பெரும்பாலும் முடியும். 120ஐ நெருங்கும்போதே இடுப்பளவு நீர் தள்ளும். பனி உருகும் வசந்தத்தில் வாரக்கணக்கில் மூடியே கிடக்கும். ஏப்ரல், மே பயணத்தை நேரோஸை நம்பிப் போடாதீர்கள்.

கோடையின் பிற்பகுதியில் ஆபத்து வேறு மாதிரி. தலைக்கு மேல் நீல வானம் இருக்க, இருபது மைல் தள்ளிப் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ அந்த நொடியே மேட்டில் ஏற வேண்டும், பையை எடுக்க நிற்கக் கூடாது. ஊரில் நியோப்ரீன் காலுறை, ஆற்றுச் செருப்பு, நீளக் கம்பு மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்றில் கம்பைத்தான் யாரும் விடக் கூடாது. அந்த ஆற்று நீரைக் குடிக்காதீர்கள், முகத்தை முக்காதீர்கள். 2020 முதல் நச்சுப்பாசி பிரச்சினை இருக்கிறது. வடிகட்டி அந்த நச்சை நீக்காது.

இரண்டும் கைவிட்ட நாளில் ஸ்பிரிங்டேல் குறுகிவிடுகிறது. வாட்ச்மேன் டிரெயில் இருக்கிறது, கோலோப் பள்ளத்தாக்குகள் 40 மைல், பிரைஸ் கேன்யன் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். போதாததற்குக் கூட்டம்: 2021இல் சயானுக்கு 50 லட்சத்துக்கு மேல் வருகைகள், ஆர்ச்சஸில் அதே ஆண்டு 18 லட்சம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். சயான் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் இல்லை.

மோவாபின் பலம் இங்கேதான். ஆர்ச்சஸ் பார்க்கிங் நிரம்பினால் வாசலையே சில மணி நேரம் மூடுவது வழக்கம். (2022 முதல் சில ஆண்டுகள் நேரச் சீட்டு முறையும் இருந்தது, உங்கள் மாதத்துக்கு உண்டா என்று பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.) காலை 8க்கு முன்னால் அல்லது மாலை 3க்குப் பின்னால் போனால் தப்பலாம். மூடிவிட்டார்களா? பொட்டாஷ் சாலையில் கொரோனா ஆர்ச், அதற்கு நுழைவுக் கட்டணமே இல்லை. வெயில் தாங்கவில்லையா? கிராண்ட்ஸ்டாஃப் கேன்யனில் ஓடையும் நிழலும் உண்டு. முடிவில் பாறைப் பாலத்துக்குக் கீழே மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியைத் தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும். இன்னும் குளிர்ச்சி வேண்டுமானால் லா சால் மலையில் 9,400 அடி உயரத்து வார்னர் ஏரி. அதுவும் வேண்டாமென்றால் கொலராடோ ஆற்றில் ரப்பர் படகு.

சைக்கிள்காரர்கள் வருவது ஸ்லிக்ராக் டிரெயிலுக்கு. குதிரைகளின் இரும்பு லாடம் வழுக்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் டயருக்குப் பாறை உப்புத்தாள் போலப் பிடிக்கும். பிடிக்கிறதே என்று புதியவர்கள் நேராக இறங்கினால் ஏற்றங்களே காலைக் கழற்றிவிடும். முதல் நாள் ஊருக்கு வடக்கே மோவாப் பிராண்ட்ஸ் பாதைகளில் ஓட்டிப் பாருங்கள்.

பாறையேறுகிறவர்களுக்கு ஒன்று: மழைக்குப் பின் மோவாபின் மணற்பாறையில் ஏறக் கூடாது. மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், பிடி உடைந்து கையோடு வரும். பாறையின் அடியில் மண்ணைச் சற்றுத் தோண்டுங்கள். உள்ளே ஈரமிருந்தால் அன்றைக்கு விடுமுறை.

உயரம் என்ற வசதி

பிஷப்பின் மாற்றுத் திட்டம் செங்குத்தாக இருக்கிறது. ஊர் 4,150 அடி. 168ஆம் சாலையில் அரை மணி நேரம் ஏறினால் 9,100 அடியில் சப்ரீனா ஏரி. கீழே அனல் அடிக்கும் ஜூலையில் மேலே ஸ்வெட்டர். பட்டர்மில்க் கற்களில் ஏறும் பருவம் அக்டோபர் முதல் ஏப்ரல், ஏரிகளில் நடக்கும் பருவம் ஜூலை முதல் செப்டம்பர்.

தவறு நேர்வதும் அதே வேகத்தால்தான். முந்தைய இரவு ஊரில் படுத்துவிட்டு, காலையில் நேராக 10,200 அடியில் உள்ள மஸ்கிட்டோ ஃபிளாட்டில் இறங்கி நடந்தால் பத்து மணிக்குத் தலை இடிக்கும், குமட்டும். ஊரில் எத்தனை நாள் தூங்கினாலும் உடம்பு உயரத்துக்குப் பழகாது. இரண்டு இரவு 8,000, 9,000 அடி முகாம்களில் தங்கிவிட்டு மேலே போங்கள். காட்டில் இரவு தங்கும் பெர்மிட்டில் 60 சதவீதம் ஆறு மாதம் முன்பும், மிச்சம் இரண்டு வாரம் முன்பும் திறக்கும். முதல் சுற்றில் விட்டவர்களுக்கு இரண்டாம் சுற்று உண்மையிலேயே கைகொடுக்கும்.

யாருக்கு எது

இரண்டே இரவு, ஓட்டத் தெரியாதவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் ஸ்பிரிங்டேல். நான்கு நாளுக்கு மேல், ஆளுக்கொரு ஆசை என்றால் மோவாப்தான், தயக்கமில்லை. முன்பே மலையேறிப் பழகிய, உயரமும் தனிமையும் வேண்டுகிறவர்களுக்குப் பிஷப். மோவாபுக்கு ஏப்ரலும் அக்டோபரும். ஜூலையில் அதிகாலை மட்டுமே உங்களுடையது. நிழலே இல்லாத டெலிகேட் ஆர்ச் பாதை போய்வர மூன்று மைல்தான், அதற்கே ஆளுக்கு இரண்டு லிட்டர், முழு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

அறை போடும் முன் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஈஸ்டரை ஒட்டிய வாரம் மோவாபில் ஜீப் சஃபாரி. மே கடைசி வார இறுதியில் பிஷப்பில் கோவேறு கழுதைத் திருவிழா. பிஷப்பில் அறை தீர்ந்துபோனால் தெற்கே 15 மைலில் பிக் பைன் இருக்கிறது. மோவாபில் தீர்ந்துபோனால் பக்கத்தில் கிரீன் ரிவர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.