ரப்பர் விளைக்கு வந்த இரும்பு ஷெட் கிட்: சரக்கு நல்லது, லாரி வரும் நாளுக்குத்தான் நாம் தயாராக வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து உள்ளே போகும் எங்கள் ரப்பர் விளையில் (தோட்டத்தை இங்கே விளை என்போம்), ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் வைக்கவும் அந்த ஷீட்டைக் காயப்போடவும் 20 அடிக்கு 30 அடியில் ஒரு இரும்பு ஷெட்டைக் கிட்டாக வாங்கிப் போட்டேன். தூண், ராஃப்டர் (தூண் மேல் சாய்வாக வரும் உத்தரம்), பர்லின் (ராஃப்டருக்குக் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் சட்டம்), கூரை ஷீட், போல்ட், ஸ்க்ரூ எல்லாம் அளவாக வெட்டி, ஓட்டை போட்டு, நம்பர் எழுதி லாரியில் வந்துவிடும். நாம் போல்ட் முடுக்கி நிறுத்தினால் போதும். கோயம்புத்தூர் கம்பெனி. சில குறைகளும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பழைய ஷெட் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் போனது. கூரை இரண்டு விளை தாண்டிக் கிடந்தது. பாதி மரமும் முறிந்துவிட்டது, அந்த நேரத்தில் ஷெட்டைப் பற்றி யார் யோசிப்பது? தார்ப்பாய் கட்டியே இத்தனை வருடம் ஓட்டினோம். இந்தத் தடவை காற்றுக்கு நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்தில் பதிக்க வேண்டிய ஆங்கர் போல்ட்டுகளையும், அவற்றைச் சரியான இடைவெளியில் நிறுத்தும் டெம்ப்ளேட் தகட்டையும் லாரிக்கு 3 வாரம் முன்பே கூரியரில் அனுப்பிவிட்டார்கள். இது பெரிய விஷயம். சரக்கு வந்து இறங்கிய பிறகு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை இரும்பை மழையில் போட்டு வைத்திருந்தால் பாதி சரக்கு அங்கேயே கெட்டிருக்கும். கொத்தனார் மூலமட்டம் பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடிக்கச் சொன்னார். 20-க்கு 30 என்றால் குறுக்கே 36 அடியும் கிட்டத்தட்ட முக்கால் அங்குலமும் வர வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக. ஒரு பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வந்தது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பார்த்ததால் தகட்டை நகர்த்திச் சரிசெய்ய முடிந்தது.

இனி லாரி வரும் வழியைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்டர் கொடுக்கும்போது விற்பனைக்காரர் கேட்டதெல்லாம் இடத்தின் அளவும் பின்கோடும்தான். லாரி எந்த வழியாக வரும், எங்கே திரும்பும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் விளைக்குப் போக மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போகணும், நடுவில் சானலுக்கு (பாசனக் கால்வாய்க்கு) மேல் ஒரு பழைய பாலம், பாலம் முடிந்த உடனே இடது பக்கம் வளைவு, இரண்டு பக்கமும் கல் கட்டிய கையாலை (எல்லைச் சுவர்), அதற்கு மேல் ஏற்றம். எங்கள் விளையில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன்தான் முதலில் சொன்னார்: "தம்பி, அந்தப் பாலத்துல பெரிய வண்டி கேறாது, கேட்டியா. போன வருசம் மணல் வண்டி மாட்டி நின்னுது."

டேப் எடுத்துப் போய் அளந்தேன். பாலத்தில் கைப்பிடிச் சுவருக்குக் கைப்பிடிச் சுவர் 9 அடி 2 அங்குலம். லாரியின் அகலமே கிட்டத்தட்ட 8 அடி, நேராகப் போனால் எப்படியோ போய்விடும், வளைவில் பின்பக்கம் சுவரை இடிக்கும். அப்புறம் ஒரு பலாமரக் கிளை, தொய்ந்து கிடக்கும் கரண்ட் கம்பி. எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அளவையும் எழுதி கம்பெனிக்கு அனுப்பினேன்.

அங்கே டெஸ்பாட்ச் (சரக்கு அனுப்பும் வேலை) பார்க்கும் தம்பி ஒருவர் உடனே கூப்பிட்டார். அவர் கேட்ட கேள்வியைத்தான் முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டும்: "சார், உங்க வழியில போற மாதிரி உள்ளூர்ல கிடைக்கிற வண்டி எத்தனை அடி?" 14 அடி ஈச்சர் சின்ன லாரி கிடைக்கும் என்றேன். அப்படியானால் எந்தத் துண்டும் 14 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவரே டிசைன் பிரிவில் பேசினார். முதலில் போட்ட வரைபடத்தில் ஃபிரேமுக்கு ஃபிரேம் (இரண்டு தூணும் மேலே ராஃப்டரும் சேர்ந்தது ஒரு ஃபிரேம்) 15 அடி, பர்லின் அதையும் தாண்டி நீளம். அதை 10 அடி இடைவெளியாக மாற்றி, ஒரு ஃபிரேம் கூடுதலாகப் போட்டார்கள். 18,000 ரூபாய் அதிகமானது. ஆனால் கூடுதல் ஃபிரேம் இருப்பதால் ஷெட்டும் உறுதியாக இருக்கிறது, அந்தப் பணம் எனக்கு வருத்தமில்லை. வரைபடம் முடிவாகும் முன் இதைக் கேட்கவில்லை என்றால் நீளமான இரும்பு மெயின் ரோட்டிலேயே கிடந்திருக்கும், இல்லையென்றால் சைட்டில் வெட்டி ஒட்ட வேண்டி வந்திருக்கும். மலையோரத்தில் இருப்பவர்கள் விலை கேட்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: மிக நீளமான துண்டு எத்தனை அடி, மிகக் கனமான துண்டு எத்தனை கிலோ?

குறை இரண்டு. கொட்டேஷனில் எஃப்.ஓ.ஆர். சைட் என்று போட்டிருந்தார்கள். இறக்குவதும் அதில் அடக்கம் என்று நான் நினைத்தேன். இல்லை. வண்டி வந்து நிற்கிறவரைதான் அவர்கள் செலவு, இறக்குவது நம் பொறுப்பு என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. லாரி கிளம்புவதற்கு 2 நாள் முன்புதான் எனக்குத் தெரிந்தது. இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். வயதானவர்கள் யாராவது வாங்கி, காலை 6 மணிக்கு வாசலில் லாரி வந்து நின்றால் என்ன செய்வார்கள்? இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஜங்ஷனில் உள்ள லோடு இறக்கும் ஆட்களிடம் முந்தின நாளே போய், பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டிப் பேசினேன். மொத்தம் 2.9 டன், ஒற்றைத் துண்டாகக் கனமானது ஒரு தூண், 80 கிலோ, கூரை ஷீட் ஒன்று 18 கிலோவுக்குள். துண்டின் கனம் தெரிந்தால்தான் அவர்களும் ஆள் கணக்கு சொல்ல முடியும். 5 பேர், ஆளுக்கு 1,200 ரூபாய் என்று முடிந்தது. கிரேன் தேவைப்படவில்லை. பாலம் தாண்டி லாரி வராது என்பதால், சரக்கை ஈச்சருக்கு மாற்ற மெயின் ரோட்டோரம் உள்ள சர்ச் மைதானத்தில் லாரியை நிறுத்திக்கொள்ள ஃபாதரிடம் கேட்டேன், தாராளமாக என்றார்.

தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில்தான் அதற்குக் கெடு, கோயம்புத்தூரிலிருந்து இங்கே 400 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே லாரி கிளம்பிய உடனே அந்த பில்லையும் லாரி ரசீதையும் போனில் வாங்கி வைத்துக்கொண்டேன். டிரைவர் அதிகாலை 4.30-க்குக் கூப்பிட்டு, "சார், ஆரல்வாய்மொழி தாண்டிட்டேன்" என்றார். நாகர்கோவில், தக்கலை நெரிசல் தொடங்கும் முன் கடந்துவிட்டதால் 6.30-க்கெல்லாம் மைதானத்தில் நின்றார்.

தார்ப்பாயை அவிழ்த்தபோதுதான் இரண்டாவது குறை தெரிந்தது. தார்ப்பாயில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். அது மே கடைசி வாரம், வழியில் எங்கேயோ மழை பிடித்திருக்கிறது. சி வடிவப் பர்லின்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருந்தார்கள். ஒன்றை இழுத்து வெளியே எடுத்தேன், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தகடு மாதிரி ஒட்டி நின்றது. துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு திறந்த வெளியில் நனைந்தால் ஒன்றும் ஆகாது, காற்றில் காய்ந்துவிடும். இப்படிக் காற்று போகாத இடுக்கில் தண்ணீர் நின்றால்தான் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளைத் துரு பிடிக்கும். இரண்டு பர்லினில் விரல் வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி வந்தது. கூரை ஷீட்டுக்கு பாலித்தீன் சுற்றியிருந்ததால் தப்பியது.

கையெழுத்து போடுவதற்கு முன் லாரி ரசீதின் எல்லாப் பிரதியிலும் "தார்ப்பாய் கிழிசல், பர்லின் நனைந்துள்ளது, ஸ்க்ரூ ஒரு பெட்டி குறைவு" என்று எழுதினேன். டிரைவர் முகம் சுளிக்கவில்லை, அவரும் கையெழுத்து போட்டார். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சேதத்துக்கு லாரி கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். நாள் நிறைய இருக்கிறதே என்று விட வேண்டாம், வண்டி நிற்கும்போதே எழுதியதற்குத்தான் மதிப்பு.

ஸ்க்ரூ விஷயம் சொல்ல வேண்டும். லிஸ்ட்டில் 250 வீதம் 6 பெட்டி, வந்தது 5. அதில் ஒன்றின் மூலை கிழிந்திருந்தது. ஒவ்வொன்றாக எண்ண நேரமில்லை, ரப்பர் ஷீட் எடை போடும் தராசைக் கொண்டுவந்து 100 ஸ்க்ரூ எண்ணிப் போட்டேன், 830 கிராம். கிழிந்த பெட்டியில் இருந்தது 1,600 கிராம்தான், அப்படியென்றால் 193. ஆக மொத்தம் 307 குறைவு. படம் எடுத்து அனுப்பினேன், மறு கேள்வி இல்லாமல் 4-ம் நாள் கூரியரில் 2 பெட்டி வந்தது.

மைதானத்திலிருந்து ஈச்சரில் இரண்டு நடை. ஏற்றம் என்பதால் ஒரே நடையில் ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநர் சொன்னார். லாரியில் கூரை ஷீட் மேலே இருக்கும், தூண் அடியில் இருக்கும், ஆனால் நமக்கு முதலில் வேண்டியது தூண், கடைசியில் வேண்டியது ஷீட். முதல் நடையில் வந்த ஷீட்டை வாசலிலேயே இறக்கியிருந்தால் தூணுக்கு வழி அடைத்திருக்கும். முந்தின நாள் மாலையே சுண்ணாம்புக் கோடு போட்டு, ஷீட் தூரத்தில் மேட்டுப் பக்கம், தூண் அந்தந்தக் குழிக்குப் பக்கத்தில் என்று பிரித்து வைத்திருந்தேன். அடியில் காய்ந்த கமுகுத் துண்டுகள், ஒரு பக்கத்தை அரை அடி உயர்த்தி, தண்ணீர் வழிந்து போகும்படி. பர்லின்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழைய வேட்டியால் துடைத்து, குச்சி வைத்து இடைவெளி விட்டு அடுக்கினோம். மாலை 3 மணிக்கு மழை வந்தபோது எல்லாம் தார்ப்பாய்க்குள் இருந்தது.

பொருத்த 4 நாள், 5 பேர். ஒரு பர்லினைத் தவிர எல்லா ஓட்டையும் ஒத்துப் போனது. அந்த ஒன்றைச் சைட்டில் துளைத்து, துளைத்த இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடித்தேன். வெள்ளைத் துரு பிடித்த இரண்டுக்கும் பதில் கேட்டேன், புதியது அனுப்பினார்கள், லாரி வாடகையும் அவர்களே. ஜூன் முழுக்க அடித்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, ரப்பர் ஷீட் மஞ்சளாக நன்றாகக் காய்கிறது. பால் வெட்டும் அண்ணன் காலையில் வந்ததும் முதலில் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். சரக்குக்கு 5-க்கு 5 தருவேன். விற்பனைக்காரர் சொல்லாமல் விட்டதற்கு 2. டெஸ்பாட்ச் தம்பிக்கு எத்தனை கொடுத்தாலும் தகும்.

போன வாரம் அருமனைப் பக்கம் இருக்கும் என் மச்சான் இதே கிட்டுக்கு விலை கேட்டு அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். இடத்தின் அளவைச் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தி, "சார், அதுக்கு முன்னாடி உங்க வழியில பாலம் ஏதாவது இருக்கா, அகலம் எவ்வளவு?" என்று கேட்டார்களாம். டேப் என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.