பட்டியைச் சாய்ப்பதா, புல்லை வெட்டிப் போடுவதா?

பெரும்போக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு சேர்த்து, வட்டை எனும் வயல்வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியும் முடிவாகும். வயல்காரருக்கு அது அறிக்கையில் ஒரு வரி. மாட்டு மந்தை வைத்திருக்கும் பட்டிக்காரருக்கு அதுதான் கூட்டமே. மட்டக்களப்பில் முன்பெல்லாம் பட்டியை எங்கே மேய்ச்சலுக்குச் சாய்ப்பது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள் என்று பதில் தயாராக இருந்தது. அங்கே பயிர்ச்செய்கைக்காரர் புகுந்ததை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அம்பாறைப் பக்கம் வட்டமடுவிலும் மேய்ச்சலா, வேளாண்மையா என்ற இழுபறி நெடுநாளையது.

இந்த நெருக்கடிக்குள் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. வழமைபோல மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துவிட்டு விடுவது ஒன்று. தரையைப் பங்கு பிரித்துச் சுழற்சியாக மேய்ப்பது இன்னொன்று. மாட்டைக் குறைத்து, சி.ஓ.3 என்ற தீவனப்புல் நட்டு, வெட்டிப் போட்டு வளர்ப்பது மூன்றாவது. மூன்றாவதைச் சொல்கிறவர்களில் பட்டி வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும். சரி, அது கிடக்கட்டும்.

வழமையான முறையைப் பழங்காலத்து வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. மாரியில் காட்டுத்தரை, அறுவடை முடிந்ததும் வட்டைத்தாள், கோடை முற்றினால் உன்னிச்சை, வாகனேரி போன்ற குளங்களில் தண்ணீர் வற்றிய இடத்துப் பசும்புல் என்று மாடு வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. தீனிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வயலுக்கு எரு, தரைக்கு ஓய்வு.

ஆனால் அந்த ஓய்வு எப்போது கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். புல் வளர்வது மழையில். நமக்கு மழை முக்கியமாக ஐப்பசி தொடங்கித் தை வரை. அந்த மாதங்களில்தான் எல்லாப் பட்டியும் தரையில் நிற்கிறது. மாடு வட்டைக்கு இறங்கிய பிறகு கிடைக்கும் ஓய்வில் பங்குனி, சித்திரை மழைக்குக் கொஞ்சம் துளிர்க்கும். மற்ற நாளெல்லாம் வெயில்தான். புல் அப்போது சும்மா நிற்கும், தேறாது. மாடு எல்லாப் புல்லையும் ஒரேமாதிரி மேய்வதும் இல்லை. இனிப்பான புல்லைக் கடிக்கும். அது துளிர்த்ததும் மறுபடி அதையேதான் தேடிப்போகும். இலை இல்லாத புல் அடித்தண்டிலும் வேரிலும் இருக்கும் சேமிப்பை எடுத்துத்தான் துளிர்விடுகிறது. அடுத்தடுத்துக் கடிபட்டால் வேர் சுருங்கி, ஒருநாள் செத்துப்போகும். அந்த இடத்துக்கு மாடு தொடாத தகரை வரும், நாயுண்ணி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் தரை பச்சையாகத்தான் இருக்கும். மாட்டின் விலா எலும்பை எண்ணலாம்.

தீ வைப்பது இதைவிட மோசம். கோடையில் கொளுத்தினால் இளங்குருத்து வரும் என்பது உண்மைதான். ஆனால் இலுக்குப் புல்லின் கிழங்கு நிலத்துக்குள் இருப்பதால் நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. கொளுத்தக் கொளுத்த மற்றப் புல் குறைந்து, இலுக்குத்தான் பரவும். அதன் குருத்து சில வாரத்தில் முற்றிவிட்டால் மாடு திரும்பியும் பார்க்காது.

இங்கேதான் சுழற்சி முறை முந்துகிறது. சுழற்சி என்றதும் கம்பிவேலியும் மின்வேலியும் போட்ட பண்ணைப் படம் நினைவுக்கு வரும். காட்டோரத் தரையில் அது நடக்காத காரியம்; யானை ஒரு இரவில் பிரித்துப் போட்டுவிடும். வேலி இல்லாமலும் செய்யலாம். மாடு எங்கே மேய்கிறது என்பதைத் தீர்மானிப்பவை இரவில் மாட்டை அடைக்கும் காலை என்ற தொழுவமும் தண்ணீரும்தான். ஒரே இடத்தில் மாரி முழுக்கக் காலை இருந்தால் அதைச் சுற்றி மண் தெரியும். தள்ளிப் போனால் புல் முற்றிக் கிடக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலையை அடுத்த மடுப்பக்கம் மாற்றினால், விட்டுவந்த இடம் மழைக்குள்ளேயே நாலு முதல் ஆறு வாரம் ஓய்வெடுக்கும். மேய்ந்து மேய்ந்து புல் ஒரு சாண் உயரத்துக்குக் குறைந்துவிட்டால் பட்டியை எழுப்பிவிட வேண்டும் என்பது போதுமான கணக்கு. பழைய காலையில் கிடந்த சாணத்தில் அடுத்த சுற்றுப் புல் கொழுத்து நிற்கும். சேற்றில் நின்று குளம்பு அழுகுவதும், கன்றுகளுக்குப் புழு ஏறுவதும் குறையும்.

மேய்ப்பவருக்கு வேலை கூடும், மறுப்பதற்கில்லை. கம்பு, முள், கொட்டில் எல்லாவற்றையும் மழைக்குள் தூக்கித் திரிய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், தரை ஒருவருடையது அல்ல. நான் ஓய்வு கொடுத்த இடத்தில் இன்னொருவர் பட்டியை விட்டால் என் பாடு வீண். வட்டைக்கு வட்டவிதானை இருப்பதுபோல தரைக்கும் பொறுப்பான ஒருவர் இல்லாமல் இது நிலைக்காது. அடுத்த மாரியில் அந்தத் தரையே உழுதுகிடக்கலாம் என்ற பயம் இருக்கும்போது யார் புல்லை மிச்சம் வைப்பார்? ஆகவே எல்லைக்கல்லும் மேய்ச்சல் நிலப் பராமரிப்பும் வேறுவேறு பிரச்சினை அல்ல.

சி.ஓ.3 நல்ல புல், அதில் சந்தேகமில்லை. மழை தொடக்கத்தில் தண்டை நட்டால் இரண்டரை மாதமளவில் முதல் வெட்டு, பிறகு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை. எருவும் தண்ணீரும் கேட்கும். கோடையில் கிணறு இல்லையென்றால் நின்றுவிடும். கணக்கைப் பார்ப்போம். 250 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுப் பசுவுக்குப் பச்சைப்புல் மட்டும் போடுவதென்றால் நாளுக்கு 30 கிலோவுக்கு மேல் வேண்டும். 100 மாட்டுக்கு 3,000 கிலோ. தினமும் வெட்டி, சுமந்து, நறுக்கிப் போட யாரால் முடியும்? அதுவும் ஒன்று, இரண்டு லீற்றர் பால் தரும் மாட்டுக்கு. ஜேர்சிக் கலப்பு மூன்று, நாலு வைத்து, வளவுக்குள் கிணறும் அரை ஏக்கரும் உள்ள வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் குடும்பத்துக்கு இந்த முறை பொருந்தும். வேலியில் கிளிரிசிடியா நட்டு அதன் குழையையும் கலந்து போட்டால் புரதத்துக்குக் கடைத்தீனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஐம்பதுக்கு மேல் மாடு உள்ளவருக்கு என் வாக்கு காலை மாற்றுவதற்குத்தான். பதினைந்து, இருபது மாட்டோடு நடுவில் நிற்பவர்கள் இரண்டையும் கலக்கலாம். கறக்கும் பசுவையும் சின்னக் கன்றையும் வீட்டில் வைத்து வெட்டுப்புல் போடுங்கள். பால் வற்றியதையும் கிடாரியையும் தரைக்கு அனுப்புங்கள். வீட்டில் நிற்பதற்குக் கோடையில் புல் குறையும்போது வைக்கோல் கைகொடுக்கும். வெட்டு மெசின் போன கையோடு வயலில் கொளுத்தாமல் வாரி வையுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் படங்கால் மூடி மூன்று வாரம் வைத்தால் மென்மையாகி, சத்தும் ஏறும். திறந்ததும் நெடி போக உலர்த்திவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு அது வேண்டாம். மிஞ்சிய யூரியா மூடையையும் கரைத்த வாளியையும் மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் மாடு செத்தும் போகலாம்.