குதிரையிடம் தணிந்த குரலில் பேச: நீளக்கயிறா, மூத்த குதிரையா, தரைப் பயிற்சியா, இயந்திரமா?

முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த ஓரிடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும் பிராணி குதிரை. அதே குதிரையைச் சவாரி பழகும் மைதானத்தில் ஒருவர் குதிகாலால் தொம் தொம்மென்று உதைத்துக்கொண்டிருப்பார், அது அசையாது. தோல் மாறிவிடவில்லை. நகர்ந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் எதற்கு நகர்வது என்று அது முடிவு கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இதைத் தாண்டி, இடுப்பின் சிறு அசைவாலும் காலின் லேசான தொடுகையாலும் குதிரையோடு பேசப் பழக விரும்புகிறவர்களுக்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: நீளக்கயிற்றில் லகான் இல்லாமல் சுற்றுவது, நன்கு பழகிய மூத்த குதிரையிடம் பாடம் கேட்பது, குதிரையில் ஏறாமல் தரையில் நின்று பழகுவது, இயந்திரக் குதிரையில் உட்காருவது. நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீளக்கயிறு. மற்றவை அதற்கு அப்புறம்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்ல. குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று உண்மையிலேயே நம்பினார். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்து 1907இல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மிக லேசாக நிமிர்கிறது. அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்துகிறது. இதில் எனக்குப் பிடித்த பகுதி, ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை என்பது.

அப்படியானால் குதிரைக்கு மெல்லிய சைகை புரியுமா என்பது கேள்வியே இல்லை. நாம் ஏற்கெனவே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் உளறல். உளறல் நிற்காமல் புதுச் சொல் கற்று என்ன ஆகப்போகிறது? இந்த நான்கு வழிகளில் எது நம் உளறலை நமக்கே காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

நீளக்கயிற்றுப் பாடத்தைச் சவாரிக்காரர்கள் லஞ்ச் என்பார்கள். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பயிற்றுநர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாகச் சுற்ற வைப்பார். வேகமும் திசையும் அவர் பொறுப்பு. உங்கள் கையில் லகான் கிடையாது; சில நாளில் காலை ஊன்றும் வளையமான அங்கவடியும் போய்விடும். வியன்னாவில் லிப்பிசானர் குதிரைகளைப் பழக்கும் புகழ்பெற்ற ஸ்பானிய சவாரிப் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்கள் மாதக்கணக்கில் இப்படித்தான் சுற்றுகிறார்கள்.

எனக்கு முதல் நாளே அவமானம். என் கை ஆடாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். லகானை வாங்கிவிட்டு, இல்லாத லகானைப் பிடித்திருப்பதுபோல் கையை வைக்கச் சொன்னார்கள். டிராட் என்னும் துள்ளோட்டம் தொடங்கியதும் இரண்டு முஷ்டிகளும் காற்றில் உரல் குத்தின. அதுவரை அந்தக் குத்து முழுக்கக் குதிரையின் வாயில்தான் விழுந்திருக்கும். இன்னொரு புதிர், யாரும் சொல்லாமலே குதிரை அடிக்கடி வேகம் குறைந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பயிற்றுநர்தான் கண்டுபிடித்தார். மூச்சு நின்றால் இடுப்பு இறுகும். இடுப்பு இறுகினால் குதிரையின் முதுகு அசைய இடமில்லை. அது எனக்குக் கீழ்ப்படிந்துதான் நின்றது.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய வரவு வேறொன்று. நடையில் குதிரை நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக வைக்கிறது. இடது பின்கால் தரையை விட்டு முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் சாய்ந்து விலகும். உங்கள் இடுப்பின் இடப்பக்கம் சற்றுக் கீழே இறங்கும். கவனித்தால் உங்கள் இடது கால் தானாகவே உள்ளே விழுவது தெரியும். அந்தக் கணத்தில்தான் அந்தப் பின்காலிடம் ஏதாவது கேட்க முடியும். ஊன்றிய காலிடம் ‘இன்னும் எட்டி வை’ என்றால் அது என்ன செய்யும், அதன்மேல் எடை நிற்கிறதே! காலம் தவறிய சைகைக்குப் பதில் வராது, பதில் வராததால் நாம் அழுத்தத்தைக் கூட்டுவோம், முரட்டு உதை பிறப்பது இப்படித்தான். லகானைப் பற்றிய கவலை இல்லாமல் கண்ணை மூடி, ‘இப்போது இடது, இப்போது வலது’ என்று சொல்லிப் பழகக் கயிற்று வட்டம் தவிர வேறு பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமலில்லை. அலுப்பு. சுற்றிச் சுற்றி ஒரே வட்டம். குதிரையின் மூட்டுகளுக்கும் சிறுவட்டம் பாரம், ஆகவே பாடத்தை நீட்ட முடியாது. முக்கியமாக, உங்கள் சைகைக்குக் குதிரை முழுதாகப் பதில் சொல்வதில்லை, நடுவில் நிற்பவருக்கும் அது கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதில் வேண்டுமென்றால் மூத்த குதிரையிடம் போக வேண்டும். நான் சொல்வது தொடக்கநிலை மாணவர்களைச் சுமந்து சுமந்து எல்லா உளறலையும் காதில் போட்டுக்கொள்ளாத சாதுவை அல்ல. அது பொறுமைசாலி, ஆசிரியர் அல்ல. பல ஆண்டுகள் நுணுக்கமாகப் பழக்கப்பட்ட குதிரை வேறு. நீங்கள் நினைத்ததை அது செய்யாது. உங்கள் உடல் சொன்னதைச் செய்யும். நேராக நடக்கச் சொன்னதாக நினைப்பீர்கள், பக்கவாட்டில் நழுவும். இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கமே எடை போட்டு உட்கார்ந்திருந்தது தெரியும். வட்டத்துக்கு வெளிப்பக்கமுள்ள காலை ஒரு விரல் அளவு பின்னே நகர்த்தி, உள்பக்க இடுப்பை லேசாக முன்னே விட்டால் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் எழும்பும். ஒருமுறை அப்படி எழும்பிவிட்டால், ‘இவ்வளவுதானா வேண்டியிருந்தது’ என்ற அளவு உடம்பில் பதிந்துவிடும். அந்த அளவை வாயால் சொல்லிக் கொடுக்கவே முடியாது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு பழக்கமுறைக்கும் அகராதி வேறு. அமெரிக்க மாடுமேய்ப்பர்கள் வழிவந்த வெஸ்டர்ன் முறைக் குதிரைக்குத் தளர்ந்த லகான் கழுத்தின் வலப்பக்கம் பட்டால் இடப்பக்கம் திரும்பு என்று பொருள். ஆங்கில முறையில் பழகிய குதிரை அதைக் கேட்டு விழிக்கும். இரண்டாவது, சில கிழட்டுப் புத்திசாலிகள் சைகையையே எதிர்பார்ப்பதில்லை. வழக்கமாகக் கேன்டர் கேட்கப்படும் மூலை வந்ததும் தாமே தொடங்கிவிடும். நாம் நம் திறமை என்று பூரித்துப்போவோம். வேறு இடத்தில் கேட்டுப் பார்த்தால் சாயம் வெளுக்கும்.

தரைப் பயிற்சியைச் சிலர் எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு மோகம் இல்லை. தரையில் நிற்கும்போது குதிரை நம்மைக் கண்ணால் படிக்கிறது: தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பார்வை எங்கே, கால் எப்படி வைக்கிறோம். ஏறிவிட்டால் பெரும்பாலும் தோலாலும் முதுகாலும் படிக்கிறது. ஒன்றில் தேறியவர் மற்றதில் தேறியவர் ஆகிவிட மாட்டார். ஆனாலும் ஒரு பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது: விடுவது. விலாவில் விரலை வைத்து முதலில் ரோமத்தை மட்டும் தொடுங்கள், பிறகு தோலை, பிறகுதான் தசையை. குதிரை பின்பாதியை நகர்த்த எடையை மாற்றிய அந்த நொடியில் விரலை எடுங்கள். அழுத்தம் கேள்வி மட்டுமே. ‘ஆமாம், இதுதான்’ என்று சொல்வது விரலை எடுப்பது. ஒரு நொடி தாமதித்தால் அடுத்து அது செய்யும் வேறெதையோ பாராட்டியதாகிவிடும். சேணத்தில் இருந்தால் இந்த நொடி கண்ணுக்குப் படாது. தரையில் கண்ணெதிரே நடக்கிறது.

புதிய, மெல்லிய சைகையைச் சொல்லித்தரும் வரிசையும் இங்கேதான் எனக்கு விளங்கியது. புதியது முதலில், தெரிந்தது அதன் பின்னால். குதிரை நிற்க வேண்டுமென்றால், முதலில் இடுப்பை நிறுத்து, பதில் இல்லையென்றால் அப்புறம் லகான். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குதிரை உரத்ததை மட்டும் கேட்கும், மெல்லியது காற்றோடு போகும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சவாரி ஆசான் பிரான்சுவா போஷே, கை பேசும்போது கால் பேசக்கூடாது, கால் பேசும்போது கை பேசக்கூடாது என்று வற்புறுத்தினார். அவருடைய மற்ற முறைகளைப் பற்றி இன்றும் சண்டை உண்டு. இதில் நான் அவர் பக்கம்.

இயந்திரக் குதிரை களைக்காது, பயப்படாது, ஒரே கேன்டரை ஐம்பது முறை தரும். எடை எந்தப் பக்கம் விழுகிறது என்று திரையில் காட்டும் இயந்திரங்களும் உண்டு. விழுந்து எழுந்தவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் அதற்கு ஒரே அளவு; அந்த அளவு அழுத்தினால் ஓடும். அரைகுறையாகக் கேட்டால் ஒரு காதை மட்டும் நம் பக்கம் திருப்பி ‘என்ன?’ என்று அது கேட்காது. அந்தக் காதுக்காகத்தானே இவ்வளவும்.

வாரம் ஒரு பாடம்தான் முடியும் என்பவருக்கு நான் சொல்வது: கயிற்றில் தொடங்குங்கள், ஏறுமுன் பத்து நிமிடம் தரையில் விரல் பயிற்சி செய்யுங்கள். கயிற்று வட்டத்தில் கண்ணை மூடி எந்தப் பின்கால் எழுகிறது என்று சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் சரியா தவறா என்று எண்ணட்டும். பத்துக்கு எட்டு தேறும்வரை மூத்த குதிரைக்குக் காத்திருங்கள். அதற்கு முன் போனால், பாவம், அது உங்களைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும்.