டொரன்ட் வழியாக விளம்பரம் செய்து தருகிறோம் என்று யாராவது அழைத்தால்

ஹப்புத்தளையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். எல்லவுக்குப் போகிற வெளிநாட்டவர்கள் எங்கள் ஸ்டேஷனை ரயில் ஜன்னல் வழியாகப் படம்பிடித்துக்கொண்டே கடந்துபோய்விடுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

என்னிடம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலைமுனைக்கு ஏறும் பாதை, எந்த வளைவில் ரொட்டிக் கடை, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் மூடுபனியை முந்தலாம் என்று 22 பக்கங்களில் நானே எழுதிய பி.டி.எஃப். அதை டொரன்டில், அதாவது ஒரு கோப்பைப் பலருடைய கணினிகள் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் முறையில், விட்டால் உலகமெங்கும் பரவும் என்றார் அழைத்தவர். சர்வர் வாடகை இல்லை, இறக்குகிறவரே அடுத்தவருக்கும் ஏற்றிக் கொடுப்பார், 2008இல் நோர்வேயின் அரச ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கேயே தன் நிகழ்ச்சியை இப்படி வெளியிட்டது என்றெல்லாம் அடுக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிகழ்ச்சியைத் தேட ஒரு நாட்டுப் பார்வையாளர்கள் இருந்தார்கள். டொரன்டில் பெயர் தெரிந்து தேடுகிறவர்தான் வருவார். என் புத்தகத்தின் பெயர் என் மனைவிக்கே சரியாகத் தெரியாது. இதை யோசிக்காமல் 38,000 ரூபாவை வங்கியில் போட்டேன்.

என் மடிக்கணினியில் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி, இரவு பகலாகத் திறந்தே வைக்கும்படி சொன்னார்கள். நான்தான் முதல் ‘சீடர்’, அதாவது விதை போடுகிறவனாம். மூன்றாம் நாள், கோப்பை வைத்திருப்பவர்கள் 2,840 பேர் என்று காட்டும் கணினித் திரையைப் படம்பிடித்து அனுப்பினார்கள். அறைக்கு ஒரு விசாரிப்புகூட வரவில்லை.

பண்டாரவளையிலிருந்து வந்த மருமகன் அதே பக்கத்தைத் திறந்து காட்டினான். “மாமா, அடைப்புக்குறிக்குள் இருப்பது டிராக்கர், அதாவது யார் யார் பகிர்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் கணினி, சொல்லும் எண். அதை எவரும் இட்டுக்கட்டலாம். வெளியே இருப்பதுதான் நம்மோடு உண்மையில் இணைந்திருப்பவர்கள்.” வெளியே இருந்தது பூச்சியம்.

தொலைபேசியில் சத்தம் போட்டேன். “திருத்தித் தருகிறோம்” என்றார்கள். திருத்திய விதம் இதுதான்: புதிதாக வந்த தமிழ்ப் படமொன்றின் திருட்டுப் பிரதியையும் என் புத்தகத்தையும் ஒரே பொதியில் கட்டி, பொதியின் தலைப்பிலேயே எங்கள் விடுதிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு விட்டுவிட்டார்கள். புதிய இணைப்பை என் கணினியில் போடச் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டேன். அது என் மடத்தனம்.

இந்த முறை கூட்டம் மெய்யாகவே வந்தது. ரவுட்டர் விளக்கு விடிய விடிய மினுங்கியது. மாதம் முழுவதற்கும் வாங்கிய டேட்டா நான்கே நாளில் தீர்ந்தது, ஏனென்றால் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தது என் வீட்டு இணைப்பு. இறக்குகிறவர்களின் பட்டியலை மருமகன் விரித்தான். ஒவ்வொருவர் பெயருக்கும் பதிலாக இணைய முகவரி, பக்கத்தில் எவ்வளவு இறங்கியது என்ற விழுக்காடு. 99.3, 99.3, 99.3 என்று வரிசையாக நின்றது. எனக்கு முதலில் புரியவில்லை. பொதி 1.4 ஜிபி, என் புத்தகம் 10 எம்பி. பொதிக்குள் வேண்டாத கோப்பின் ‘டிக்’கை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் இறக்க முடியும். அந்த மீதி 0.7தான் என் புத்தகம். ஆசையாய் எழுதிய 22 பக்கத்தையும் ஆள் ஆளாய் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர்களின் முகவரிகள் எனக்குத் தெரிந்ததுபோல என் முகவரியும் அவர்களுக்குத் தெரியும், படத்தின் உரிமையாளர் ஆள் வைத்துப் பார்த்தால் அவருக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். பணம் வாங்கியவர்களின் பெயர் அந்தப் பொதியில் எங்கேயும் இல்லை. பொலிசுக்குப் போகாமல் தயங்கி நிற்பதும் அதனால்தான். அவர்களோ, “நாலாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள், சொன்னதைச் செய்துவிட்டோம்” என்று பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். பற்றுச்சீட்டில் ‘டிஜிட்டல் பரப்புரைச் சேவை’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கோப்பு, எங்கே, யாருடைய கணினியிலிருந்து என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் இறக்கி வைத்திருப்பவர்கள் பகிரும்வரை அது வெளியே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தலைப்பைத் திருத்தலாம் என்றால் அது வேறொரு டொரன்டாகிவிடுமே தவிர, பழையது அப்படியே கிடக்கும். எண்ணை மாற்றலாம் என்றாலோ, வீதி முனைப் பலகையிலும் அதே எண்தான். போன ஞாயிறு இரவு ஒன்றரைக்கு மணி அடித்தது. அறை கேட்கிறார்கள் என்று பாய்ந்து எடுத்தேன்.

“அண்ணே, படத்தில் சத்தம் சரியில்லை. நல்ல பிரின்ட் எப்போது போடுவீர்கள்?”