குரூசருக்குக் கழற்றி மாட்டும் ஃபேரிங்: கிளாம்ப்பைப் பார்த்து வாங்குங்க

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நெடுஞ்சாலை 44-இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 ஓட்டுறவங்களுக்குப் பேட்விங் ஃபேரிங், அதாவது முன்னால் வௌவால் இறக்கை வடிவில் மாட்டும் காற்றுத் தடுப்புக் கூடு, கொடுத்த காசுக்குத் தகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுற வண்டி, காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். வேகம் 80-லிருந்து 100 ஆனாலே அந்த விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

ஃபைபர், ஏபிஎஸ் பிளாஸ்டிக் என இரண்டு வகை கிடைக்கும். ஃபைபர் உடைந்தால் ஒட்டிக்கலாம். ஆனால் கனம், போல்ட் துளையைச் சுற்றி விரிசலும் விடும். மொத்தக் கனமும் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் குழாயில்) தொங்கி ஹேண்டிலோடு திரும்புவதால் இலேசான ஏபிஎஸ்தான் சரி. கூட்டின் மேலே கண்ணாடி போல நிற்கும் வைசரின் மேல் விளிம்பு மூக்கு உயரத்தில் நிற்கணும். கண்ணுக்கு நேரே வந்தால் மழை இரவில் எதிர் வெளிச்சம் சிதறி ரோடே தெரியாது.

பணம் போட வேண்டிய இடம், கூட்டை ஃபோர்க்கோடு பிடிக்கும் கிளாம்ப். மீட்டியர் 350-க்கு ஃபோர்க் குழாய் விட்டம் 41 மி.மீ., சூப்பர் மீட்டியர் 650-க்கு 43. இருந்தாலும் கிளாம்ப் உட்காரும் இடத்தையே வெர்னியர் அளவுகோல் வைத்து அளங்க. பெரிய கிளாம்ப்புக்குள் ரப்பரை இரண்டு சுற்று சுற்றி ஒப்பேத்தினால், குண்டும் குழியுமான ரோட்டில் மெல்லக் கீழே நழுவும்.

மாட்டும்போது கூட ஒரு ஆள் வேணும். நாலு கிளாம்ப்பையும் லூசாக விட்டு, கூட்டைத் தொங்கவிட்டு மட்டம் பாருங்க. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்புங்க. கிளட்ச் கேபிள் இழுபடக் கூடாது, டேங்கில் இடிக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அழுத்தி, மட்கார்டு கூட்டின் அடியில் தட்டுதா என்றும் பாருங்க. பிறகுதான் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி முறுக்கணும். வைசர் ஸ்குரூவுக்கு நைலான் வாஷர் போட்டு, கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும்.

நட்டு கழலாமல் இருக்க ஊற்றும் த்ரெட்லாக் திரவம் வைசர் பக்கமே போகக் கூடாது. ஒரு துளி கசிந்தால் பாலிகார்பனேட்டில் துளையிலிருந்து முடி போன்ற கோடுகள் கிளம்பி, பிறகு அப்படியே பிளக்கும். அங்கே உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்க. பெட்ரோல் துணியாலும் துடைக்காதீங்க. கிரானைட் லாரி பின்னாடி வந்த நாளில் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்க; வெறும் துணி தொட்டால் அந்தத் தூளே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும்.

ஹெல்மெட் படபடவென்று ஆடினால் வைசரை 2 செ.மீ. இறக்கிப் பாருங்க. அதிவேகத்தில் ஹேண்டிலே ஆடினால் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கை) சரிபார்க்கும் வரை வேகம் வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துடுங்க.

ஆடிக் காற்றில் தொப்பூர் கணவாய் இறங்குவதாக இருந்தால் மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துட்டுக் கிளம்புங்க. லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் பக்கவாட்டுக் காற்று கூட்டைப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். நாலு திருகைத் திருப்பினால் கையோடு வந்துடும், இரண்டு நிமிஷ வேலை.