மோட்டார் கயாக்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தண்ணீரில் சீறிப் பாயலாம் என்ற ஆசையில் யாரும் மோட்டார் கயாக் (துடுப்பு போடுகிற ஒற்றை ஆள் படகில் பேட்டரி மோட்டார் மாட்டியது) வாங்காதீர்கள். கரையில் கொஞ்சம் வேகமாக நடக்கிற ஆளுக்கு ஈடு கொடுக்கலாம், அவ்வளவுதான். நான் வாங்கியது காற்றுக்காக. அதாவது, வாங்கும்போது அப்படி நினைக்கவில்லை, வாங்கிய பிறகுதான் அது தெரிந்தது.

இருப்பது பெங்களூரில், ராமமூர்த்தி நகரில். ஏழெட்டு வருடமாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. லார்ஜ்மவுத் பாஸ் அவர்கள் ஊர் மீன். 1932இல் ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான், கிட்டத்தட்ட பத்து கிலோ, இன்று வரை உலக சாதனை. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் அதைத் தொட்டார், பெரிதாகத் தாண்ட முடியவில்லை. பத்து கிலோ கட்லாவை நம் மார்க்கெட்டில் துண்டு போட்டு வைத்திருப்பார்கள், இந்த மீனுக்கா இத்தனை படகு, இத்தனை மோட்டார் என்று தோன்றும். அது இரையை அடிக்கிற அடியைப் பார்த்தால் புரியும். நம் விராலும் அப்படித்தான் அடிக்கும், பாசிக்குள் பதுங்கிக் கிடந்து மேலே நகர்கிற தவளையை ஒரே வாயில் உள்ளே இழுக்கும். அதனால் பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை, 50 பவுண்டு தாங்குகிற பிரெய்டு நரம்பு (பின்னிய தூண்டில் நூல்), தடித்த ராடு எல்லாம் விராலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியானால் கயாக்கும் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் சொன்ன விலை பாதி.

உண்மை விலை: கயாக், மோட்டார், பேட்டரி, லைஃப் ஜாக்கெட், காருக்கு மேல் வைக்கிற கேரியர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கயாக் பத்தரை அடி நீளம், 34 இன்ச் அகலம், வெறும் கூடு மட்டும் 32 கிலோ. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதைச் செய்கிற ரோட்டோமோல்டிங் முறையிலேயே செய்த பிளாஸ்டிக். கல்லில் இழுத்தால் கீறல் விழும், உடையாது. வெயிலில் கேரியரில் இறுக்கிக் கட்டி வைத்ததில் அடிப்பாகம் ஒரு இடத்தில் உள்வாங்கிப் போனது, பயந்துவிட்டேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் கவிழ்த்துப் போட்டதும் மதியத்துக்குள் தானாக நிமிர்ந்துகொண்டது. சீட் நன்றாக இருக்கிறது. எழுந்து நின்று வீசலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், நிற்கலாம், உண்மைதான், ஆனால் 80 கிலோ ஆள் நின்றுகொண்டு முழு வீச்சில் வீசும்போது முழங்கால் தானாகப் பிரார்த்தனை செய்ய ஆரம்பிக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற இந்த மாதிரிக் கூட்டுக்கு நீளத்தைப் பொறுத்து ஒரு வரம்பு உண்டு. தண்ணீரில் படுகிற நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். பத்து அடிக்கு 4.2 நாட், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டருக்குள். அதற்கு மேல் தள்ளினால் தானே எழுப்பிய அலை மேல் தானே ஏற முயன்று முக்கும். என்னுடைய 55 பவுண்டு மோட்டார் (பவுண்டு என்பது எடை இல்லை, தள்ளுகிற விசை), போன் ஜிபிஎஸ்ஸில் பார்த்தால், முழு வேகத்தில் ஆறரை கிலோமீட்டர் போகிறது. மூன்றாம் கியரிலேயே ஐந்து வந்துவிடுகிறது. அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்காகக் கரண்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவாகிறது. 80 பவுண்டு மோட்டார் வாங்குங்கள் சார், பறக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காலிப் பிளாஸ்டிக் கூடு எம்மாத்திரம். ஓசூர் தாண்டி சூளகிரிப் பக்கம் ஒரு குத்தகை ஏரிக்குப் போவேன், குத்தகைக்காரரிடம் காசு கட்டிவிட்டால் நாள் முழுக்க இருக்கலாம். மோட்டார் வருவதற்கு முன் முதல் இரண்டு மாதம் துடுப்போடுதான் போனேன். தவளையை வீசுவேன், அது பாசி மேல் விழுவதற்குள் காற்று கயாக்கைத் திருப்பி முதுகைக் காட்ட வைத்துவிடும். ராடை வைத்துவிட்டுத் துடுப்பை எடுப்பேன், நரம்பு தொய்ந்து பாசியில் சிக்கும், அதை விடுவிக்கப் போனால் ஒளிந்திருக்கிற மீன் தலையிலேயே போய் நிற்பேன். காலையிலிருந்து மதியம் வரை பாதி நேரம் துடுப்புதான் கையில். மோட்டார் பின்னால் வந்த பிறகு, மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து ஒன்று அல்லது இரண்டாம் கியரில் விட்டால் கயாக் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவ்வப்போது கையைப் பின்னால் நீட்டி ஒரு தட்டு தட்டித் திருப்ப வேண்டும். வெளிநாட்டில் ஓல்டு டவுன் என்ற கம்பெனி, மின் கோட்டா (Minn Kota) என்ற பிராண்டு மோட்டாரையே உடலோடு சேர்த்து ஒரு கயாக் விற்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் ஜிபிஎஸ்ஸை வைத்து அதுவாகவே நங்கூரம் போட்ட மாதிரி நிற்குமாம். விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். என் கைத்தட்டு போதும்.

இப்போது பேட்டரி. இதைத்தான் பொறுமையாகப் படியுங்கள், என் காசில் பெரிய அடி இங்கேதான் விழுந்தது.

வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதே, அதை எடுத்துப் போகலாமே என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் வரும் மாமா, அதை வைத்தால் மீன் இருக்கிற இடத்துக்கு நானும் போய்விடுவேன் என்றேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்பியர் ஹவர் பதினோரு பன்னிரண்டு கிலோதான். அதோடு ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், இதில் முக்கால்வாசிக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். சரி என்று ஒரு கடையில் வாங்கினேன். ஊர் சுற்றி விசாரித்துத்தான் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை கடைசி. ஏரி நடுவில், கரையிலிருந்து நானூறு மீட்டர் இருக்கும், மதியம் காற்று ஏறியது. திரும்பலாம் என்று ஐந்தாம் கியரில் போட்டேன். அரை நிமிடம் ஓடி நின்றது. அணைத்துப் போட்டேன், மறுபடி அரை நிமிடம், மறுபடி சாவு. பேட்டரி மேலே இருந்த மீட்டரில் 70 சதவிகிதம் காட்டுகிறது. பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, கரண்ட் போச்சா?"

பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இதைக் கேட்க வேண்டியிருந்தது. அவரே, காத்துக்கு நேரா மல்லுக்கட்டாத தம்பி, அந்தக் கரையோரம் ஒதுங்கிப் போ, மரம் மறைக்கும் என்று வழி சொன்னார். துடுப்பு போட்டுக் கரை சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மோட்டாரும் பேட்டரியும் ஏறிய கயாக் துடுப்புக்கு எருமை மாதிரி, திருப்பினால் திரும்பாது.

கடைக்காரரிடம் போனால், "சார், பேட்டரி பக்கா, உங்க மோட்டார்தான் ஓவரா இழுக்குது" என்கிறார். எங்கள் அபார்ட்மென்ட் எலெக்ட்ரீஷியனிடம் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை முக்கி ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாம் கியரில் 47 ஆம்பியர். மூன்றில் 27, இரண்டில் 15. 55 பவுண்டு மோட்டார் என்றாலே உச்சத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், அதில் குறை எதுவும் இல்லை. பிறகு பேட்டரி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் உள்ளே பொடி எழுத்தில், தொடர்ச்சியாக 40 ஆம்பியர். உள்ளே செல்களைக் காக்கிற பிஎம்எஸ் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது, அதன் வரம்பு அது. சோலார் விளக்குக்கும் யுபிஎஸ்ஸுக்கும் செய்த பேட்டரியை எனக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு மூன்றாம் கியரில் மெதுவாக வந்திருந்தால் அலுங்காமல் கரைக்கு வந்திருப்பேன், அது அப்போது யாருக்குத் தெரியும். ஆறு வாரம் அலைந்து, சண்டை போட்டு, மேலே காசு கொடுத்து 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ளதாக மாற்றினேன். எத்தனை ஆம்பியர் ஹவர் என்று மட்டும் கேட்காதீர்கள், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

வயரும் அப்படித்தான். மோட்டாரோடு வந்த கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பெங்களூர் எலெக்ட்ரிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 60 ஆம்பியர் பிரேக்கர், இழுத்தால் கழன்றுவிடுகிற ஆண்டர்சன் கனெக்டர் வாங்கி மாட்டினேன். அரை நாள் வேலை, இரண்டு இடத்தில் டீ. அந்தக் கனெக்டரில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கிறேன். இந்த மோட்டாரில் கைப்பிடியை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் அடித்த குஷியில் நீங்கள் தண்ணீரில் விழுந்தால் கயாக் உங்களை விட்டுவிட்டு அடுத்த கரைக்குத் தனியாகப் போய்விடும். இந்த விலைக்கு ஒரு காந்த கில் ஸ்விட்ச் கூட வைக்காதது எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

விரால் இருக்கிற இடம் என்றாலே பாசியும் ஆகாயத்தாமரையும்தான், புரொபெல்லருக்கு இரண்டும் எமன். சுற்றிக்கொண்டால் மோட்டாரைத் தூக்கிக் கையால் உரிக்க வேண்டும், தூக்குவதற்கு முன் அணைக்க மறக்காதீர்கள். மோட்டார் மாட்டிய இரண்டாவது மாதம் யாருடைய வலையிலோ விட்டுவிட்டேன். புரொபெல்லரைப் பிடித்திருக்கிற சின்ன பின் உடைந்துபோனது, அது உடைவதற்காகவே வைத்த பின், உள்ளே கியர் தப்பித்தது. வலைக்கு 600 ரூபாய் கொடுத்தேன், அது நியாயம். புரொபெல்லருக்குப் பின்னால் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்கிறேன், விட்டால் அது சீல் வளையத்தை அறுத்து மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். இப்போது டப்பாவில் நான்கு பின்னும் ஒரு ஸ்பேனரும் எப்போதும் இருக்கும்.

சரி, மீன் கிடைத்ததா? பாசி ஓரத்துக்கு இருபது மீட்டர் முன்பே மோட்டாரை அணைத்துவிட்டு, காற்றிலேயே மெல்ல ஒதுங்கவிடுவேன். என் அனுபவத்தில் ஒரே சீராக முனகுகிற சத்தத்துக்கு விரால் பயப்படுவதில்லை, அணைத்து அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது. செப்டம்பரில் ஒரு காலை, அல்லி இலை மேல் தவளையை ஏற்றி, ஓரத்தில் சொட்டென்று இறக்கினேன். இலை பக்கத்தில் ஒரு கொப்புளம். அப்புறம் தவளை இருந்த இடத்தில் ஒரு குழி, தண்ணீர் மூடுகிற சத்தம். ஒன்று, இரண்டு என்று எண்ணி இழுத்தேன், உடனே இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கி வந்துவிடும். கயாக்கையே பாசிக்குள் இழுத்துப் போனது, பின்னோட்டத்தில் மோட்டாரைப் போட்டு வெளியே வந்தேன். இரண்டு கிலோ முந்நூறு. கரையிலிருந்து இந்த மீனைப் பார்த்திருக்கவே முடியாது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றுகிற விராலை மட்டும் தொடுவதில்லை, தாயும் தகப்பனும் காவல் நிற்கிற நேரம் அது.

எங்கே ஓட்டுவது என்பதையும் யோசித்துவிட்டு வாங்குங்கள். அல்சூர் ஏரியில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துக்கொண்டே இறக்கிவிடலாம் என்ற கனவெல்லாம் வேண்டாம். காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் தூண்டிலே போடக்கூடாது. ஏரி என்றால் மீன் குத்தகை யாரிடம் என்று கேளுங்கள், மோட்டார் உண்டு என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், துடுப்புக்குத் தலையாட்டியவர் மோட்டாரைப் பார்த்ததும் மாறிவிடுகிறார். கெலவரப்பள்ளி அணை கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் போய் அங்கே நுரையாக நிற்கிறது. நான் விட்ட சோப்புத் தண்ணீரிலேயே போய் மீன் பிடிக்க மனசு வரவில்லை.

தூக்குவதுதான் மிச்சம். கூடு 32, மோட்டார் 10, பேட்டரி 12, சாமான்கள் வேறு. தனி ஆள் என்றால் சக்கர வண்டி ஒன்று கட்டாயம். வேகன் ஆர் மேல் ஏற்றி, பின்னால் சிவப்புத் துணி கட்டி, விடிவதற்குள் டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிட வேண்டும். எங்கள் லிஃப்டில் நிறுத்திப் பார்த்தேன், மூன்று அடி வெளியே நிற்கிறது. அதனால் பேஸ்மென்ட்டில் என் கார் இடத்தின் சுவரில் மாட்டியிருக்கிறேன். அசோசியேஷன் மீட்டிங்கில் இதற்குத் தனியாக பார்க்கிங் கட்டணம் கேட்கிறார்கள். டூவீலர் ரேட்டா ஃபோர்வீலர் ரேட்டா என்று போன மாதமும் முடிவாகவில்லை.